நாற்பது வரி, ஐந்து குழு

பாம்... பாம்... பாஆஆம்!

வளைவில் ஜீப்பின் ஹாரன் அலறியதும் மணிவேல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். அன்று செவ்வாய்க்கிழமை. வழுதலம்பட்டுக்குச் செவ்வாய்க்கிழமை ஜீப் வராது. திங்கள், வியாழன், சனி மட்டும்தான் வரும். வராத நாளில் வந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஊரில் யாருக்காவது பிரசவ வலி கண்டிருக்க வேண்டும்; அல்லது மணிவேலுக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்திருக்க வேண்டும்.

ஊரில் அப்போது கர்ப்பிணிகள் யாரும் இல்லை.

"கம்ப்யூட்டர் சாரே!" ராஜாக்கண்ணு சீட்டை விட்டு இறங்காமலே ஒரு பழுப்பு உறையை நீட்டினான். "அவசரம்னு செவப்பு மையில போட்டுக்கீது. புதூர்நாட்டுத் தபால்காரரு, இன்னிக்கே கொண்டு போய்க் குடுக்கலன்னா எனக்குப் பேஜாராயிடும்னு என் உசுர எடுத்துட்டாரு. பிரிச்சிப் பாரு சார். ஊருக்குப் போவச் சொல்லிட்டானுங்களா?"

மணிவேல் உறையைக் கிழித்தான். உள்ளே இருக்கும் தாள் கிழிந்துவிடாமல், ஓரமாக. ஒரு வருடமாக ஒவ்வோர் உறையையும் அவன் இப்படித்தான் கிழிக்கிறான்.

'பொருள்: அமைப்புக் கோப்பின் ஏழாம் வரியில் தாங்கள் ஆசியா/கொல்கத்தா எனக் குறிப்பிட்டமை - விளக்கம் கோருதல். பார்வை: ஒன்று, தங்கள் கடிதம். இரண்டு, அக்கடிதத்தின் மீதான எமது கடிதம். மூன்று, எமது கடிதத்தின் மீது எமக்கு வரப்பெற்ற எமது கடிதம்.'

"இன்னா சார், நல்ல சேதியா?"

"கொல்கத்தா" என்றான் மணிவேல்.

"அங்க மாத்திட்டானுங்களா!" என்று ராஜாக்கண்ணு உண்மையாகவே பதறிப் போனான்.

மலைவட்டார வலைப்பதிவு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அது எதற்கு இருக்கிறது என்று கேட்டால், ஜவ்வாது மலையில் ஒன்பது ஊர்களுக்கு ஒன்பது வலைப்பதிவுத் தளங்கள் அமைக்க. புளி இன்று என்ன விலை போகிறது, சாமையை யார் வாங்குகிறார்கள், நர்ஸம்மா என்றைக்கு வருவார், ஜீப் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதையெல்லாம் மலைக்காரர்கள் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல திட்டம். ஒன்பது ஊருக்கும் ஒன்பது ஒப்பந்தப் பணியாளர்களை ஏற்றி அனுப்பினார்கள். வழுதலம்பட்டுக்கு வாய்த்தவன் கண்ணமங்கலம் மணிவேல். கல்யாணமாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

வாரியம் தேர்ந்தெடுத்த மென்பொருள் இலவசமானது, எளிமையானதும்கூட. எழுதிய குறிப்புகளை அதனிடம் கொடுத்தால் பக்கங்களாக்கித் தந்துவிடும். அதற்கு முன் ஒரே ஒரு வேலை. 'அமைப்புக் கோப்பு' என்று நாற்பது வரிக் கோப்பு ஒன்று இருக்கும். தளத்தின் பெயர் என்ன, மொழி என்ன, எந்த ஊர் நேரம், ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவு என்று இடது பக்கம் கேட்டிருக்கும். வலது பக்கம் பதில் எழுத வேண்டும். தேவையில்லாததை வெறுமையாக விட்டுவிட்டால் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். தெரிந்தவனுக்கு அரை மணி நேர வேலை. வாரியம் தாராள மனத்தோடு பத்து நாள் கொடுத்தது.

மணிவேல் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டான்.

முடித்ததை ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. கணினியில் இருக்கும் கோப்பை அப்படியே அனுப்பக் கூடாது. அச்சடித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்துப் போட்டு, மூன்று நகல் எடுத்து, தபாலில் அனுப்ப வேண்டும். நாற்பது வரிக்கும் ஒப்புதல் கிடைத்தால் விடுவிப்பு ஆணை வரும். ஆணை இல்லாமல் மலையை விட்டு இறங்கினால் ஐந்து வருட ஒப்பந்தப் பணி கணக்கில் சேராது; நிரந்தரமாக்கப்பட இருப்போர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மணிவேல் அந்தப் பட்டியலில் பதினேழாவது ஆள். அவன் தன் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே அதைப் போடாததுதான் பாக்கி.

முதலில் தலைப்புக் குழு எழுதியது. தளத்துக்கு 'வழுதலம்பட்டு' என்று பெயர் வைத்தது ஏன்? ஒரே ஊரின் பெயரைச் சொன்னால் மற்ற ஊர்கள் மனம் புண்படாதா? ஏழு கடிதங்களுக்குப் பிறகு, 'வழுதலம்பட்டு மற்றும் வழுதலம்பட்டு அல்லாத பிற பகுதிகள்' என்ற தலைப்பு ஏற்கப்பட்டது. உலகத்தில் எந்த ஊரும் விட்டுப்போகவில்லை.

பிறகு எண்ணிக்கைக் குழு எழுதியது. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதிவுகள் என்று போட்டிருக்கிறீர்கள். இதுவரை ஒரு பதிவும் வெளியாகாத நிலையில் பத்தை எதிர்பார்ப்பது ஆடம்பரம். பூஜ்யம் என்று திருத்துக. மணிவேல் திருத்தினான். அந்த மென்பொருளுக்குப் பூஜ்யம் என்றால் 'வரம்பே கிடையாது' என்று அர்த்தம். வாரியம் அதைச் சிக்கனம் என்று நினைத்தது. மென்பொருள் தாராளம் என்று நினைத்தது. இரண்டு பேருக்கும் திருப்தி.

தோற்றக் குழு, தளத்தின் பின்புலம் பச்சையா நீலமா என்று தீர்மானிக்க நான்கு மாதம் எடுத்துக்கொண்டு, வெள்ளை என்று முடிவு செய்தது. அது முன்பே வெள்ளையாகத்தான் இருந்தது. இருந்தாலும் இப்போது ஒப்புதல் பெற்ற வெள்ளை.

இப்படியாகப் பத்து நாள், ஒரு வருடமாயிற்று.

தகவல் மையம் என்பது பழைய விதைக் கிடங்கின் முன்னறை. ஒரு மேசை, ஒரு கணினி, கூரையில் சூரியத் தகடு, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியின் முதுகில் 'பார்வையாளர்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. அதில் இதுவரை பல்லி தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மணிவேல் தன் முகத்தைத் தானே படம் பிடித்து, வருகைப்பதிவுச் செயலிக்கு அனுப்ப வேண்டும். சில நாள் அவன் முகத்தைப் பார்த்த ஒரே ஜீவன் அந்தச் செயலிதான். மழைக்காலத்தில் அதுவும், 'முகம் தெளிவாக இல்லை, மீண்டும் முயல்க' என்று சொல்லிவிடும்.

தளம் அவன் கணினியில் மட்டும் திறக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. அவன் தினமும் அதில் ஒரு பதிவு எழுதி வைப்பான். 'இன்று ஜீப் வந்தது.' 'இன்று ஜீப் வரவில்லை.' 'பலா பழுத்துவிட்டது. எதிர் வீட்டு நாய் குட்டி போட்டது, நான்கு.' எழுதிவிட்டு, முதல் பக்கத்துக்குப் போய், யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் படிப்பான். நன்றாகத்தான் இருக்கும்.

பகல் சாப்பாடு மாதம்மாள் வீட்டிலிருந்து வரும். சரிவில் சாமையும் புளியும் வைத்திருக்கும் குடும்பம். மாதம்மாளுக்கு நாக்கு நீளம்.

"இன்னா சாமி, நாப்பது வரி எழுத ஒரு வருசமா? நான் ஒரு காலையில நாப்பது சால் ஓட்டிட்டு வந்து உனக்குச் சோறும் ஆக்கறேன்."

"ஓட்டினதுக்கு ஒப்புதல் வாங்குனீங்களா?"

"மாடு ஒப்புத்துக்கிச்சி. வேற யாரு ஒப்புத்துக்கணும்?"

புதன்கிழமை பதினோரு மணிக்கு வாரியத் தொலைபேசி அடிக்கும். ஒருங்கிணைப்பு அலுவலர் அருணகிரி திருப்பத்தூரிலிருந்து பேசுவார். மணிவேல் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த வாரியத்திலேயே மனிதக் குரல் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்பது அவன் முடிவு.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேன் சார்."

"இன்னா நாஷ்டா?"

"கேழ்வரகு அடை சார்."

"தொட்டுக்க?"

"சார்?"

"நான் கேக்கலப்பா. பதிவேட்டுல களப்பணியாளர் நலன்னு ஒரு கட்டம் இருக்குது, நிரப்பணும். தொட்டுக்க இன்னா? வெல்லமா? சரி. மழையா அங்க?"

மழை, மாதம்மாள், நாய்க்குட்டிகள் எல்லாம் பதிவேட்டில் ஏறிய பிறகு அவர் பெருமூச்சு விட்டார்.

"காலக் குழு ரொம்ப கோவமா இருக்காங்கப்பா. கொல்கத்தா எதுக்கு?"

"சார், கொல்கத்தான்னு போட்டா நம்ம இந்திய நேரம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. அந்த மென்பொருள்ல சென்னைன்னே கெடையாது."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். குழுவுக்குத் தெரியணுமில்ல? நம்ம வாரியத்து எல்லை செங்கத்தோட முடியுது. அதுக்கு அந்தாண்ட இருக்கிற ஊரு நேரத்த எடுத்து நாம பயன்படுத்தினா, நாளைக்கு வந்து கேட்டாங்கன்னா யாரு பதில் சொல்றது?"

"யாரு சார் வந்து கேப்பாங்க?"

"கொல்கத்தா."

மணிவேல் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான். அது யாரையும் எதுவும் கேட்பதாகத் தெரியவில்லை.

"ஒரு வழி இருக்குது" என்றார் அருணகிரி, குரலைத் தாழ்த்தி. "அவங்ககிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று வாங்கிடு."

"கொல்கத்தாவுல யாருகிட்ட சார்?"

"நேரத்துக்கு யாரு பொறுப்போ அவங்ககிட்ட."

மணிவேல் எழுதினான். 'நேரப் பொறுப்பு அலுவலர், கொல்கத்தா' என்று முகவரியிட்டு, தங்கள் நேரத்தை வழுதலம்பட்டில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டினான். விஷயம் கேள்விப்பட்ட மாதம்மாள் குழம்புக் கரண்டியோடு யோசித்தாள்.

"அந்த ஊரு எங்க சாமி இருக்குது?"

"ரயில்ல ரெண்டு நாள் போவணும்."

"ரெண்டு நாள் தள்ளி இருக்கிற ஊருல அடிக்கிற மணி நமக்கு எப்படிச் சரியா வரும்? அவன் கேட்டது நாயம்தான்."

வாரியத்தின் பக்கம் பேசிய ஒரே பொதுமக்கள் கருத்து அதுதான்.

முப்பத்து நான்கு நாள் கழித்துக் கடிதம் அப்படியே திரும்பி வந்தது. மேலே 'இப்படி ஒரு முகவரி இல்லை' என்ற குறிப்பும், கொல்கத்தாத் தபால் முத்திரையும் இருந்தன. மணிவேல் வெறுத்துப்போய் அந்த உறையையே வாரியத்துக்கு அனுப்பிவிட்டான். காலக் குழு மகிழ்ச்சியோடு பதில் எழுதியது: 'உறையின் மீது கொல்கத்தாவின் முத்திரை தெளிவாக இடம்பெற்றுள்ளதாலும், ஆட்சேபணை ஏதும் உள்ளே இல்லாததாலும், சம்மதம் பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது.'

முப்பத்தொன்பது வரிக்கு ஒப்புதல் வந்த மாதிரிதான் என்று அருணகிரி சொன்னார். அந்த வாரம் மணிவேல் துணிகளைத் துவைத்துப் பையில் அடுக்கி வைத்தான்.

அடுத்த வாரம் வெற்றிடத் தடுப்புக் குழு எழுதியது.

'தங்கள் கோப்பில் பதினாறு வரிகள் வெறுமையாக உள்ளன. காலிக் கட்டம் முறைகேட்டின் வாசல் என்பது வாரியத்தின் கொள்கை. எந்த விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் காலியாக விடப்படின் அது செல்லாது என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். பதினாறிலும் 'பொருந்தாது' என எழுதுக.'

எந்த அலுவலகத்து விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதுவார்கள். கணவர் பெயர் கேட்ட இடத்தில் கல்யாணமாகாதவள் 'பொருந்தாது' என்று எழுதுவாள். எழுதாவிட்டால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே வழக்கத்தை மென்பொருளிடம் காட்டச் சொல்கிறார்கள். வெறுமை என்றால் அது தானே பார்த்துக்கொள்ளும். 'பொருந்தாது' என்றால் அதையே வேத வாக்காக எடுத்துக்கொள்ளும். மணிவேல் மூன்று பக்கம் விளக்கம் எழுதினான். விளக்கத்தின் கடைசிப் பக்கத்தில் கீழ்ப்பாதி காலியாக இருப்பதாகக் குழு ஆட்சேபித்தது.

அவன் பதினாறு வரியிலும் எழுதினான்.

தளம் திறந்தது. மேலே, 'வழுதலம்பட்டு மற்றும் வழுதலம்பட்டு அல்லாத பிற பகுதிகள்.' அதன் கீழே, சிறிய எழுத்தில், 'பொருந்தாது.' எழுதியவர்: பொருந்தாது. தொடர்புக்கு: பொருந்தாது. பலா பழுத்த பதிவையும் நாய் குட்டி போட்ட பதிவையும் எழுதியவர், பொருந்தாது.

நாற்பதாவது வரிதான் முக்கியமானது. முடிந்த தளத்தை எந்த இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அது கேட்கும். அந்த இடத்தின் முகவரியை வாரியம் இன்னும் தராததால் காலியாக விட்டிருந்தான். இப்போது அங்கேயும் 'பொருந்தாது'. அனுப்பும் பொத்தானை அழுத்தினான். மென்பொருள், பொருந்தாது என்ற ஊரைத் தேடிப் போனது. ஒரு நிமிடம் அலைந்தது. சிவப்பு எழுத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நின்றது.

தளம் பூரணமாக முடிந்துவிட்டது. போகும் இடம் மட்டும் இல்லை.

கைப்பேசிக்குச் சிக்னல், கிடங்குக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏறி நின்றால்தான் வரும். அதிலும் தெற்குப் பார்த்து நிற்க வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்கு ஏறி நின்று, தன் முகத்தை அனுப்பிவிட்டு, மனைவி சரிதாவைக் கூப்பிட்டான்.

"ஓசூர் கம்பெனியில வேலை கெடச்சிடுச்சிங்க" என்றாள் சரிதா. "திங்கக்கெழமை சேரணும்."

"நல்லது சரிதா."

"நல்லதுன்னா? நீங்க வர்றீங்களா இல்லியா?"

"ஒரே ஒரு குழுதான்..."

"எனக்குக் குழுவெல்லாம் வேணாம். கட்டிக்கினு பதினாறு மாசம் ஆவுது. லீவுல மூணு தபா வந்தீங்க. ரெண்டாவது தபா வந்தப்ப வூட்டுக்கு எதிர்க்க இருக்கிற முனியம்மா அக்கா, யாரும்மா இந்தத் தம்பின்னு என்னையே கேக்குறாங்க." அவள் சிரிக்கவில்லை. "ஓசூர்ல ரெண்டு பேருக்கு வூடு பாக்கட்டுமா, ஒருத்திக்கு ஹாஸ்டல் பாக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும். கோவத்துல கேக்கல. நெசமாத்தான் கேக்கறேன்."

காற்று திசை மாறியது. சிக்னல் போய்விட்டது. அவன் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனதில் ஒரு நொடி நிம்மதியும், அதற்கடுத்த நொடி அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் வந்தன. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வியாழக்கிழமை ஜீப்பில், ஒரு பை நிறைய வாரியக் கடிதங்களோடு, அனுமதியில்லாமல் மலையிறங்கினான். காலைப் படத்தை அனுப்பவில்லை.

"ஐஞ்சு குழுவையும் நேர்ல பாத்துட்டு வர்றேன்" என்றான் ராஜாக்கண்ணுவிடம். "ஒவ்வொருத்தர் கால்லயா உழுந்தாவது கையெழுத்து வாங்கிடுவேன்."

"ஐஞ்சு குழுன்னா எப்படியும் அம்பது கால் இருக்குமே சார்" என்றான் ராஜாக்கண்ணு கவலையோடு. "இடுப்பு தாங்குமா?"

வாரியம், திருப்பத்தூரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. நீண்ட நடைபாதை. ஐந்து கதவுகள். தலைப்புக் குழு. எண்ணிக்கைக் குழு. காலக் குழு. தோற்றக் குழு. வெற்றிடத் தடுப்புக் குழு. ஒவ்வொரு கதவிலும் 'கூட்டம் நடைபெறுகிறது, அமைதி காக்கவும்' என்ற அட்டை தொங்கியது. மணிவேல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். முதல் கதவை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினான்.

"உள்ள வாங்க."

திறந்தான். ஐந்து கதவுகளும் ஒரே கூடத்துக்குத்தான் திறந்தன. நடுவில் தடுப்புச் சுவர் கட்டவேயில்லை. ஐந்து மேசைகள், ஐந்து பெயர்ப் பலகைகள், ஐந்து முத்திரைகள். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் ஐம்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க, மெலிந்த, சட்டையை ஒழுங்காக இஸ்திரி போட்ட மனிதர் ஒருவர் உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படித்து, கோபமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நான் வழுதலம்பட்டு..."

"மணிவேலா! வாப்பா, வா வா. சாப்ட்டியா?"

அந்தக் குரலை அவன் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொள்வான்.

"அருணகிரி சார்... குழுவெல்லாம் எங்க சார்?"

"கூட்டத்துல இருக்காங்க" என்றார் அவர் பழக்கத்தில். பிறகு வெறும் கூடத்தை அவனோடு சேர்ந்து தாமும் ஒருமுறை பார்த்தார். "தசரதன் சார் ரிட்டையர் ஆனாரு. தலைப்புக் குழுவைக் கூடுதல் பொறுப்புன்னு எங்கிட்ட குடுத்தாங்க. ரேணுகாதேவி மேடம் வேலூருக்கு மாத்தல்ல போனாங்க, காலக் குழு வந்தது. அப்புறம் ஒண்ணொண்ணா... ஆள் போடறேன்னு சொல்லியிருக்காங்க. ஆள் போடறதுக்கு ஒரு குழு வேணுமாம். அதுக்கும் என்னைத்தான் போட்டிருக்காங்க."

"அப்ப அந்த லெட்டர் எல்லாம்..."

"நான்தான். ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்க. ஒருத்தரே எல்லாத்தையும் முடிவு பண்ணா அது சர்வாதிகாரம். அதனாலதான் ஐஞ்சு குழு வெச்சிருக்கு. இந்த மேசையில நான் எடுத்த முடிவ அந்த மேசையில நான் கண்ணை மூடிக்கினு ஏத்துக்கறதில்ல. கொல்கத்தா விஷயத்துல எனக்கும் எனக்கும் மூணு மாசம் பேச்சுவார்த்தையே இல்ல. எனக்கு நானே நினைவூட்டுக் கடிதம் மூணு போட்டேன். மூணாவதுக்குத்தான் பதில் வந்தது. அதுவும் மழுப்பலா."

மணிவேல் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டான்.

"எனக்குக் கையெழுத்து வேணும் சார். இன்னிக்கே."

"முறையா விசாரணை வெக்கணும்" என்று அருணகிரி எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்திருந்தது. மணிவேலின் கோப்பு நகலை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து காலால் உந்தி, முதல் மேசைக்கு உருண்டார். "தலைப்புக் குழு. ஆட்சேபணை இல்லை." முத்திரை. உந்தினார். "எண்ணிக்கைக் குழு. பூஜ்யம்னு திருத்தியாச்சா? பாராட்டுக்கள்." முத்திரை. மூன்றாவது மேசையில் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கடுமையாகப் பார்த்தார். "காலக் குழு. மணி இன்னா இப்ப?"

"பன்னண்டரை சார்."

"கொல்கத்தாவுல?"

"அங்கயும் பன்னண்டரைதான் சார்."

"முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாமே." முத்திரை. நான்காவது மேசையில், வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, இன்னொரு முத்திரை.

ஐந்தாவது மேசைக்கு வந்ததும் அவர் வேகம் குறைந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"வெற்றிடத் தடுப்புக் குழு இன்னிக்கு முடிவெடுக்கற நெலமையில இல்லப்பா. நாப்பதாவது வரி சிக்கலானது. இன்னும் நாலு வாரம் போவட்டும். போன்ல பேசிக்கலாம்."

"நாலு வாரமா?" மணிவேலின் குரல் வெறும் கூடத்தில் எதிரொலித்தது. "சார், எம் பொண்டாட்டி திங்கக்கெழமை ஓசூர்ல வேலைக்குச் சேர்றா. ரெண்டு பேருக்கு வூடா, ஒருத்திக்கு ஹாஸ்டலான்னு கேக்குறா. நான் இன்னா சார் சொல்லட்டும்? குழு பரிசீலனையில இருக்குதுன்னு சொல்லட்டுமா?"

அருணகிரி பேனா மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார்.

"ஹாஸ்டல்னா... தனியாவா?"

"தனியாதான் சார்."

கீழே தெருவில் ஒரு பஸ் திரும்பிப் போகும் சத்தம் கேட்டது. அவர் இழுப்பறையை மறுபடி திறந்து ஒரு தாளை எடுத்தார். தட்டச்சு செய்து தயாராக இருந்த தாள். முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி, தாளில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். கையெழுத்துப் போட்டார். ஊதி உலர்த்தினார்.

"இந்தா. விடுவிப்பு ஆணை. பட்டியல்ல உம் பேரு அப்படியே இருக்கும். இன்னிக்குக் காலையில போட்டோ அனுப்பலன்னு ஒரு குறிப்பு வரும். அதுக்கு நானே பதில் சொல்லிக்கறேன்."

மணிவேல் தாளை இரண்டு கையாலும் வாங்கினான். அங்கே பாறை எதிலும் ஏற வேண்டியிருக்கவில்லை. கைப்பேசியில் சிக்னல் நிறைந்து கிடந்தது. அங்கேயே நின்று சரிதாவைக் கூப்பிட்டான். "ரெண்டு பேருக்கே வூடு பாரு" என்றான். "சமையல்கட்டு கொஞ்சம் பெருசா இருக்கிறதா பாக்கறேன்" என்றாள் சரிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவன் பேசி முடிக்கும் வரை அருணகிரி, கேட்காததுபோல, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

மணிவேல் செருப்பை மாட்டிக்கொண்டு கதவு வரை போனான். ஆணையை இன்னொரு முறை பிரித்துப் பார்த்தான். கால்கள் நின்றன. நான்கு குழுக்களின் கையெழுத்துகளும் ஏற்கெனவே இருந்தன, மை மங்கியிருந்தது. மேலே தட்டச்சு செய்திருந்த தேதி பதினோரு மாதத்துக்கு முந்தையது.

"சார்!" என்று திரும்பினான். "அப்பவே எல்லாம் முடிஞ்சிருக்கு. அப்புறம் கொல்கத்தா, வெள்ளை, காலிக் கட்டம்... இதெல்லாம் இன்னாத்துக்கு சார்? எம் வேலையில இன்னா குறை கண்டீங்க?"

அருணகிரி முத்திரைகளை வரிசையாக அடுக்கினார். திரும்பாமலே சொன்னார்.

"குறை ஒண்ணுமில்லப்பா. ஒம்பது ஊருக்கும் போன் போடறேன், எடுத்துப் பேசறது நீ ஒருத்தன்தான்."